நாலு மணி டீக்கு என்ன இனிப்பு?

ஜாங்கிரியை ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த வாய் டீயைக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை போட மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். சர்க்கரை போட்டிருப்பார்கள். பெரிய இனிப்பை ருசித்த கையோடு சின்ன இனிப்பு நாக்குக்கு உறைக்காது. டீயின் துவர்ப்பு மட்டும்தான் மேலே வந்து நிற்கும். சேலம், நாமக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், கடையில் வாங்கிய ஸ்வீட்டும் ஆவி பறக்கும் டீயும் ஒரே தட்டில் வருகின்றன. தனித்தனியாக இரண்டுமே நல்லவை. சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடுகின்றன.

பந்தியில் இலை ஓரம் வைக்கிற இனிப்பு வேறு, டீக்குத் துணையாக வைக்கிற இனிப்பு வேறு. டீக்கான இனிப்பு அளவாகத்தான் இனிக்க வேண்டும். வறுத்த வாசம் இருக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெய்ப்பசையும் ஒரு சிட்டிகை உப்பும் இருந்தால் டீயின் துவர்ப்பு அடங்கி, ருசி கூடும். பல்லுக்குச் சற்று வேலை வேண்டும். அப்போதுதான் ஒரு கடி, ஒரு வாய் என்று டம்ளர் காலியாகும்வரை நீடிக்கும். இத்தனை குணமும் உள்ள பலகாரங்கள் இந்தச் சமவெளியின் அடுப்படிகளில் எப்போதும் இருந்தவைதான். அவற்றில் சுலபமானவை எவை, எதை எந்த நேரத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நாம் குடிக்கிற டீயைப் பற்றிக் கொஞ்சம். மாலை டீயோடு இனிப்பு தின்னும் வழக்கத்தை இங்கிலாந்தில் 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் கழித்து உண்ணும் இரவு விருந்துக்கும் நடுவே வரும் பசிக்கு அவர்கள் கண்ட வழி அது. வெந்நீரில் ஊறிய இலைத்தேயிலை, அதில் பெயருக்குக் கொஞ்சம் பால். அந்த மெல்லிய டீக்கு ஜாம் தடவிய ஸ்கோனும் கிரீமும் பொருந்தும். நம் டீ அப்படிப்பட்டதில்லை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறையில், தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். அந்தத் தூள் இரண்டு மூன்று நிமிடக் கொதியில் சாறு முழுவதையும் இறக்கிவிடும். பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்தால்தான் அதைக் குடிக்க முடியும். ஏற்கெனவே கனமாகவும் இனிப்பாகவும் உள்ள இந்த டீக்கு, அதைவிடக் கனமான பால் இனிப்பைப் பக்கத்தில் வைத்தால் வயிறு மந்தமாவதுதான் மிச்சம்.

சேலத்துக்கு மேலே ஏற்காட்டு மலையில் காப்பி விளைகிறது. 1820களில் இங்கே கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் வந்த பயிர் அது. ஆனாலும் கீழே தறிக்கூடத்திலும், வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும், நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையிலும் பொழுது சாயும் நேரத்தில் வருவது டீதான். காப்பி நடுத்தர வர்க்கத்தின் பானமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் ஆன கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் சொல்லியிருக்கிறார். உழைப்பவரின் டீக்குத் துணை, இரவுச் சாப்பாடு வரை தாங்குகிற தீனியாக இருக்க வேண்டும். நிலக்கடலை, எள், கேழ்வரகு, வெல்லம் என்று இந்தப் பக்கத்துப் பலகாரங்கள் எல்லாம் அந்தப் பசிக்குத் தோதானவை.

வெல்லத்தில் தொடங்குவோம், ஏனென்றால் மற்றவற்றில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் இருக்கின்றன. காவிரி ஓரமாக ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பக்கம் போனால் கரும்புக் காடும் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளும் இருக்கும். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பாயும் பூமி அது. பிலிக்கல்பாளையத்தில் வெல்லத்துக்கென்றே ஏலச் சந்தை இருக்கிறது. 30 கிலோ சிப்பமாகக் கட்டி உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் ஏலத்துக்கு வரும். இவ்வளவு பக்கத்தில் விளைவதை, மஞ்சளாகப் பளபளவென்று இருக்கிறதே என்று நிறம் பார்த்து வாங்கிவிடாதீர்கள். வெளுப்பாக வருவதற்காக மருந்து போடுவதும், எடை கூட்டச் சீனி கலப்பதும் நடக்கின்றன. அடர்ந்த பழுப்பு நிறமும், வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பும், கரும்புச்சாறு காய்ந்த வாசமும் இருப்பதை வாங்குங்கள். பாகு காய்ச்சாத பலகாரத்துக்கு நாட்டுச்சர்க்கரையை ஒரு தரம் சலித்துக்கொண்டால் போதும். அச்சு வெல்லம் என்றால் கொஞ்சம் நீர் விட்டுக் கரைத்து வடிகட்டிவிடுவது நல்லது. மண் இருந்தால் அடியில் தங்கிவிடும்.

நாலு மணி டீக்கு ஒரே ஒரு இனிப்பைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது கேழ்வரகு சிமிலி. பாகு பதம் தெரியாதவரும் செய்யலாம். எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டியதில்லை. சாமான்கள் எல்லாம் வீட்டில் இருப்பவை. தருமபுரி, சேலம் பக்கத்து அப்பத்தாக்கள் இதை உரலில் இடித்தார்கள். இப்போது மிக்ஸியில் பத்து நிமிட வேலை.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவில் சிட்டிகை உப்புப் போட்டு, வெதுவெதுப்பான நீர் தெளித்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசையுங்கள். வாழையிலையிலோ ஈரத்துணியிலோ வைத்து, அரை விரல் கனத்துக்கு அடையாகத் தட்டி, தோசைக்கல்லில் போடுங்கள். சுற்றி நாலு சொட்டு நல்லெண்ணெய். மூடி வைத்து மெதுவான தீயில் இரண்டு பக்கமும் வேக விடுங்கள். அவசரம் கூடாத இடம் இதுதான். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்தால் சிமிலி முழுக்க மாவு வாடை அடிக்கும். அடையைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈர மினுமினுப்பு இல்லாமல், ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

அடை ஆறட்டும். அந்த நேரத்தில் அரை டம்ளர் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்குங்கள். இரண்டு கரண்டி எள்ளை வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து உடனே தட்டில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் சூட்டில் கருகிக் கசந்துவிடும். கடலையையும் எள்ளையும் இரண்டு ஏலக்காயோடு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, கொரகொரப்பாக எடுத்து வையுங்கள். பிறகு அடையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துப் போட்டு உதிரியாகும்வரை ஓட்டுங்கள். கடைசியில் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொடித்த வெல்லமும், எடுத்து வைத்த கடலை எள்ளும் சேர்த்து இரண்டே சுற்று. வெல்லம் இளகும், கடலை எண்ணெய் விடும், மாவு தானாகக் கூடி வரும். எலுமிச்சம்பழ அளவு பிடித்தால் பத்துப் பன்னிரண்டு உருண்டை கிடைக்கும்.

வெல்லத்தை அடை சூடாக இருக்கும்போதே போட்டுவிட்டால் குழைந்து களிபோல ஆகிவிடும். அதற்குத்தான் ஆறவிடச் சொன்னேன். அடையில் ஈரம் இருப்பதால் சிமிலி அன்றைக்கும் மறுநாளுக்கும்தான் வெளியில் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் குளிர்பெட்டி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியிலும் கோதுமையிலும் இந்த அளவு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற கை, இதில் இரண்டை எடுத்துக் கொடுக்கலாம்.

கடலை உருண்டைக்குப் பாகு வேண்டும் என்று பலரும் பயந்து ஒதுங்குகிறார்கள். கடையில் விற்கும் கடலை மிட்டாய்க்குத்தான் பாகு. பாகுத் துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பல்லில் ஒட்டும், ஒரு நிமிடம் பிந்தினால் பல்லே உடையும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்தப் பதத்தில் இருக்கிற தேர்ச்சியும் ஒரு காரணம். அதை வாங்கித் தின்பதே மரியாதை. வீட்டில் செய்ய வேண்டியது இடித்த உருண்டை. வறுத்துத் தோல் புடைத்த கடலை இரண்டு டம்ளர், பொடித்த வெல்லம் ஒரு டம்ளர், சிட்டிகை உப்பு. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் கடலை தன் எண்ணெயை விட்டு வெல்லத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சாக ஓட்டிவிட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், பிறகு பிடிக்க வராது. எள்ளுக்கும் இதே வழிதான். ஒரு டம்ளர் எள்ளுக்கு முக்கால் டம்ளர் வெல்லம். எள்ளில் உள்ள லேசான கசப்பு, இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு அருமையாகச் சேரும். டீயின் ருசியோடு போட்டி போடாமல் கூடவே வருகிற இனிப்பு எள்ளுருண்டைதான் என்பது என் முடிவு.

இவற்றில் ஈரம் கிடையாது. ஈரக் கை படாமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தால் பத்து நாள் தாராளமாகத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் அந்த வாரத்து டீக்கெல்லாம் ஆயிற்று. ஒரு எச்சரிக்கை மட்டும். கடலையை வறுக்கும் முன் முறத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, கடித்தால் கசப்பது எதுவும் சேரக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை விட்டுச் செல்கிறது. வறுத்தாலும் அது முழுவதும் போகாது. நாலு கடலைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இந்தச் சாமான்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கிற ஒரு நாள் இங்கே இருக்கிறது. ஆடி முதல் தேதி. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் அன்றைக்குத் தெருத்தெருவாகத் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் நாரைச் சுத்தமாக உரித்து, கல்லில் தேய்த்து மழமழவென்று ஆக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, உள்ளே அவல், பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், வெல்லம், ஏலக்காய் எல்லாம் திணிப்பார்கள். எடுத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் காட்டுவார்கள். மகாபாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி 18இல் முடிந்தது என்றும், அதை நினைத்துத்தான் இந்தச் சடங்கு என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு ஓட்டை உடைத்தால், உள்ளே பருப்பும் அரிசியும் தேங்காய்த் தண்ணீரிலும் வெல்லத்திலும் வெந்து, தேங்காய்ப் பருப்பு புகை வாசத்தோடு இளகிக் கிடக்கும்.

அந்தப் பூரணத்தை வருடத்தில் ஒரு நாளோடு விட்டுவிடுவானேன்? ஒரு டம்ளர் துருவிய தேங்காய், அரை டம்ளர் கெட்டி அவல், கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு கரண்டி வறுத்த எள், அரை டம்ளர் வெல்லம். அவலை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, அடுப்பில் கொதி வந்ததும் தேங்காயைப் போட்டு நீர் சுண்டும்வரை கிளறி, மற்றதைக் கொட்டி இறக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே உருண்டை பிடித்துவிட வேண்டும். புகை வாசம் வராதுதான். ருசி அதே குடும்பம். தேங்காய் சேர்வதால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டிய பலகாரம் இது.

இதுவரை சொன்னவை முன்கூட்டிச் செய்து வைக்கிறவை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபிறகு செய்வதற்கும் சில உண்டு. “இருங்க மாமா, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போலாமுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தால், பால் பொங்குவதற்குள் என்ன செய்ய முடியும்? பொட்டுக்கடலை உருண்டை செய்யலாம். பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துச் சலித்த மாவு ஒரு டம்ளர், பொடித்த சீனி அரை டம்ளர், ஏலக்காய்த்தூள். ஐந்தாறு கரண்டி நெய்யை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசறிப் பிடிக்க வேண்டும். நெய் ஆறிப்போயிருந்தால் உருண்டை உதிர்ந்துவிடும். ஏலக்காயை விட்டால் இதில் இருப்பதே மூன்று சாமான்தான் என்பதால் நெய் சுமாராக இருந்தால் மறைக்க வழி இல்லை. நெய்க்குப் பெயர்போன ராசிபுரம் பக்கத்திலேயே இருக்கும்போது நல்ல நெய்யாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். மாவு மேலண்ணத்தில் ஒட்டும், சூடான டீ அதைக் கரைத்து இறக்கும். அந்தச் சேர்க்கைக்காகவே இதை டீயோடு தின்ன வேண்டும்.

காலையில் ஆட்டிய இட்லி மாவு இருந்தால் இனிப்புப் பணியாரம். இரண்டு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் வெல்லத்தைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். மாவு நீர்த்துப்போனால் இரண்டு கரண்டி பச்சரிசி மாவு போட்டுச் சரிசெய்யலாம். தேங்காயைப் பல் பல்லாகக் கீறி நெய்யில் வறுத்துப் போடுங்கள். வெல்லம் சேர்ந்த மாவு சீக்கிரம் கருகும், அதனால் பணியாரக்கல்லின் கீழே தீ சிறிதாகவே எரியட்டும். புளித்த மாவு மட்டும் வேண்டாம். நேற்றைய மாவு காரப் பணியாரத்துக்குத்தான் லாயக்கு. வெல்லத்தோடு சேர்ந்தால் அந்தப் புளிப்பு தனியாகத் தெரியும்.

மழைக்காலத்துக் கச்சாயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொங்குப் பக்கத்தில் தீபாவளிக்கு முதலில் எண்ணெயில் விழுவது அது. முறையாகச் செய்வதென்றால் பச்சரிசியை ஊறவைத்து வெல்லத்தோடு ஆட்ட வேண்டும். சாயங்கால அவசரத்துக்குக் கோதுமை மாவே போதும். ஒரு டம்ளர் மாவு, மொறுமொறுப்புக்கு இரண்டு கரண்டி அரிசி மாவு, அரை டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டிய முக்கால் டம்ளர் வெல்லம், நன்றாகக் கனிந்த ஒரு வாழைப்பழம், ஏலக்காய், சிட்டிகை உப்பு. பரமத்தி வேலூர் வாழைத்தாரில் தோல் கறுத்துப்போன கடைசிப் பழத்துக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. இட்லி மாவு பதத்துக்குக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். அடியில் போன மாவு தானாக எழும்பி மேலே வந்து உப்பும். அதற்குமுன் கரண்டியால் தொடக் கூடாது. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கறுத்து நடுவில் மாவாக நிற்கும். பழம் கூடினாலும் எண்ணெய் குடிக்கும். சூட்டோடு தின்ன வேண்டியது. ஆறின கச்சாயத்துக்கு ருசி உண்டு, மொறுமொறுப்புப் போய்விடும்.

ஒப்பிட்டு, அதாவது போளி? அதற்குப் பருப்பு வேக வேண்டும், பூரணம் அரைக்க வேண்டும், மாவு ஊற வேண்டும். பண்டிகைக்கு வைத்துக்கொள்வோம்.

சேலத்துப் பேச்சில் ஜவ்வரிசி வராமல் போகாது. இரண்டாம் உலகப் போர் சமயம் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெருமைதான், ஆனால் ஜவ்வரிசிப் பாயசத்தை டீ நேரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குடிக்கிறதோடு குடிக்கிறதைச் சேர்ப்பானேன். அதன் தாயான குச்சிக்கிழங்கை வாங்குங்கள். தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். சுடச்சுடத் தேங்காய்த் துருவலும் நாட்டுச்சர்க்கரையும் தூவினால் இருபது நிமிடத்தில் சாயங்காலப் பலகாரம் தயார். மாவு ஆலைக்குப் போகும் ரகங்கள் சில கசப்பானவை, அந்தக் கசப்பில் நஞ்சு இருக்கிறது. சமையலுக்கான கிழங்கு என்று கேட்டு வாங்க வேண்டும். வேகவைத்த பிறகும் கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடிப்பதும் கூடாது.

நாமக்கல் முட்டையை எந்த இனிப்பில் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு எடைக் கணக்குக் கேக்கைச் சொல்வேன். அளவு டம்ளரும் வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம். மூன்று முட்டையை ஓட்டோடு தராசில் வையுங்கள், ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். அதே எடைக்கு மைதா, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குப் பொடித்த சீனி. ஒரு சின்னக் கரண்டி பேக்கிங் பவுடரை மைதாவோடு சலித்துக்கொள்ளுங்கள். வெண்ணெயையும் சீனியையும் வெளுத்துப் பொங்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி அடித்து, மாவை மெதுவாகக் கலந்தால் முடிந்தது. முட்டை குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தால் கலவை திரியும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஓவன் இல்லாத வீட்டில், அடி கனமான பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிச் சூடேற்றி, கேக் பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறு தீயில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம் விடலாம். குச்சியைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். மேலே கிரீம் எதுவும் வேண்டாம். இந்தக் கேக் செய்த அன்றைவிட மறுநாள்தான் நன்றாக இருக்கும். துண்டு காய்ந்திருப்பது டீக்கு ஒரு வசதி.

கொல்லிமலைத் தினையும் இந்த வரிசையில் சேரும். தினையை வாசம் வர வறுத்து மாவாக்கி, நாட்டுச்சர்க்கரையும் சூடான நெய்யும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதுதான். பொட்டுக்கடலை உருண்டை தெரிந்தவருக்கு இது தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனிப்பைத் தேர்ந்தெடுத்தாயிற்று, டீயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இனிப்பு வைக்கிற நாளில் டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், தூளைச் சற்றுக் கூட்டுங்கள். பாலில் உள்ள புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் எண்ணெயில் பொரித்த கச்சாயத்துக்குப் பால் குறைந்த டீ நல்லது. அந்தத் துவர்ப்புதான் வாயில் படிந்த எண்ணெயை வழித்துவிடும். பொட்டுக்கடலை உருண்டைக்குக் கெட்டிப்பால் டீ. எள்ளுக்கும் சிமிலிக்கும் இஞ்சி டீ, அல்லது பழைய வழக்கப்படி வரக்காப்பி. நாட்டுச்சர்க்கரை டீ வைக்கிறவர்கள் பால் கொதிக்கும்போது சர்க்கரையைப் போட்டால் திரிந்துவிடும், வெல்லத்தில் உள்ள புளிப்புத்தன்மை அப்படி. டீயை இறக்கி, கொதி அடங்கிய பிறகு டம்ளரில் போட்டுக் கலக்குவதே வழி.

தட்டில் எத்தனை வைப்பது என்பதும் முக்கியம். ஒருவருக்கு இரண்டு சின்ன உருண்டை போதும். பக்கத்தில் ஒரு காரம் இருக்கட்டும். சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடையை நினைவூட்ட வேண்டியதில்லை. இனிப்பு, காரம், டீ என்று மாறி மாறி வந்தால் நாக்கு சலிக்காது, இனிப்பும் அளவோடு நிற்கும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ரத்தசோகை உள்ள பெண்களும் பிள்ளைகளும் இரும்புச்சத்துக்காக எள்ளுருண்டையும் கேழ்வரகும் தின்கிறார்கள் என்றால், அவர்களுக்கு அதை டீயோடு கொடுக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன, உடம்பில் சேர விடுவதில்லை. டீக்கு ஒரு மணி நேரம் முன்பே உருண்டையைக் கொடுத்து, கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்னச் சொன்னால் சத்து கூடுதலாகச் சேரும்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களிடம், “வெல்லந்தானுங்க, ஒண்ணும் செய்யாது” என்று சொல்லி நீட்டுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறுவதும் அப்படியே ஏறும். அவருக்கு அதே கடலையை இளம் சூட்டில் வறுத்து, உப்புத்தண்ணீர் தெளித்து, வெல்லம் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். டீயைச் சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுத்தால், மற்றவர்களோடு அவரும் உட்கார்ந்து கொறிப்பார்.